ரெண்டு தம்ளர், நாலு கம்பி

டிஸ்கி: இதில் கொஞ்சம் வேதியியல் வரும். பத்தாம் வகுப்பு வாத்தியாரும் அவர் கைப்பிரம்பும் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. கடைசியில் அடியேன் அசடு வழிகிற இடமும் உண்டு. அதற்காகவாவது முழுசாகப் படித்துவிடுங்கள் :-)

அத்திபெலேக்குக் குடிவந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஊரில் கேட்டால் "பெங்களூர்ல பொட்டி தட்டுறான்" என்பார்கள். உண்மையில் பெங்களூர் முடிந்து, தமிழ்நாடு தொடங்குவதற்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன். காவிரிச் சண்டை வரும்போதெல்லாம் பஸ்கள் வந்து நிற்குமே, அந்த ஊர்தான். 2016 செப்டம்பரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லையை நடந்தே தாண்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஓசூருக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி வருகிறது. இந்தப் பக்கம் எங்கள் குடியிருப்புக்கு ரெண்டு போர், மிச்சத்துக்கு டேங்கர் லாரி. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்த்தளத்தில் மேஜை போட்டு ஒரு தம்பி நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மிஷின் விற்கிறவர். கம்பெனிப் பேர் வேண்டாம், பல பேர் செய்கிற வித்தை இது. மேஜையில் ரெண்டு தம்ளர். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் மிஷினில் பிடித்த தண்ணீர். ரெண்டும் பார்வைக்குக் கண்ணாடி மாதிரிதான் இருந்தன. முதலில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை விட்டார். எங்கள் தண்ணீருக்கு மூன்று இலக்கம், அவர் தண்ணீருக்கு ரெண்டு இலக்கம். கூட்டத்தில் லேசான முணுமுணுப்பு. அப்புறம் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். அதன் அடியில் நாலு கம்பிகள், ஜோடி ஜோடியாக. ஒவ்வொரு ஜோடியையும் ஒரு தம்ளரில் முக்கி, ஒயரைச் சுவரில் சொருகி சுவிட்சைப் போட்டார்.

ரெண்டே நிமிஷம். எங்கள் தண்ணீர் முதலில் பச்சையாகக் கலங்கி, பிறகு பழுப்பாகி, மேலே சாக்கடை நுரை மாதிரி ஒன்று கட்டிக்கொண்டது. அவர் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது.

"அய்யோ, இதையா குடிச்சிண்டிருக்கோம்!" என்று பக்கத்து வீட்டு மாமி வாயைப் பொத்திக்கொண்டார். பத்து நிமிஷத்தில் ஆறு பேர் அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

நான் மெதுவாகக் கேட்டேன், "தம்பி, உங்க தம்ளர்ல ஒரு சிட்டிகை உப்பு போட்டு, இதையே திரும்பச் செய்யுங்களேன்."

"அதெல்லாம் கூடாது சார், மிஷின் கெட்டுடும்."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. உப்பைக் கண்டால் கெட்டுப்போகிற மிஷினை நம்பி எங்கள் வீட்டுச் சமையலறையில் எப்படி வைப்பது? சரி, அந்தத் தம்பி பாவம், மாசக் கடைசி இலக்கு அவருக்கு. அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு அயனி என்றால் என்ன என்று பார்த்தாக வேண்டும்.

அயனி ஒன்றும் மாயமில்லை, கணக்குத் தப்பிய அணு, அவ்வளவுதான். சோடியம் அணுவில் புரோட்டான் 11, எலக்ட்ரான் 11. கூட்டிக் கழித்தால் பூஜ்யம், யாரோடும் வம்பில்லை. வெளிவட்டத்தில் தனியாகத் திரியும் ஒரு எலக்ட்ரானை அது விட்டுவிட்டால் 11க்கு 10. ஒரு பிளஸ் மிச்சம். குளோரினில் 17க்கு 17. அது ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் 17க்கு 18, ஒரு மைனஸ் மிச்சம். பள்ளிக்கூடத்தில் "நேர்மின்சுமை பெறுகிறது" என்று நெட்டுருப் போட்டபோது, ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து அணுவின் தலையில் ஏற்றி வைக்கிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். ஒன்றும் ஏற்றவில்லை. இருந்தது ஒன்று போய்விட்டது, அதைத்தான் "பெறுகிறது" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பெயர் வைத்தவர் மைக்கேல் ஃபாரடே, 1834இல். கிரேக்க மொழியில் "போவது" என்று பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்தார். மின்சாரம் பாயும்போது தண்ணீருக்குள் ரெண்டு கம்பிகளை நோக்கிப் போகிறவை என்பதால் அயான். ஊரை விட்டுக் கிளம்பி வந்த நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்று தைக்கிற பெயர்தான். மின்சாரம் பாய்ந்தால்தான் உப்பு பிரியும் என்றே அவர் காலத்தில் நினைத்திருந்தார்கள். மின்சாரமே வேண்டாம், தண்ணீரில் போட்ட உடனேயே உப்பு அயனிகளாகப் பிரிந்துதான் கிடக்கிறது என்று பின்னால் சொன்னவர் ஸ்வீடன்காரர் அர்ஹீனியஸ். 1884இல் இந்த வழியில் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு உப்சாலா பல்கலைக்கழகம் வேண்டாவெறுப்பாக ஒரு கடைநிலைத் தேர்ச்சி போட்டு அனுப்பியது. 1903இல் அதே வேலைக்குத்தான் நோபல் பரிசு.

அவர்கள் நம்பாததிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று எவ்வளவு மூர்க்கமாக இழுக்கும் என்பதற்கு நம்மூர்க் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கிராம் சோடியம் அயனிகளை மட்டும் பிரித்து அத்திபெலே சர்க்கிளில் வைப்போம். அதற்கு ஈடான குளோரைடு அயனிகளை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வைப்போம். இடையில் எட்டு கிலோமீட்டர் என்று கொள்ளலாம். அவை ரெண்டும் ஒன்றையொன்று இழுக்கிற விசை, ஏறத்தாழ ரெண்டரை லட்சம் டன் எடைக்குச் சமம். ஒரு சிட்டிகை உப்புக்கு இந்தப் பாடு! "நெகட்டிவ் அயனி நிரம்பிய" வளையல், தண்ணீர் என்றெல்லாம் யாராவது விற்க வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு பாட்டிலில் மைனஸை மட்டும் தனியாக அடைத்து வைக்க பிரம்மாவாலும் முடியாது. மைனஸ் இருக்கிற இடத்தில் அதே அளவு பிளஸ்ஸும் கூடவே இருந்தாக வேண்டும்.

அப்புறம் எப்படி உப்பு தண்ணீரில் கரைகிறது? தண்ணீர் செய்கிற சமாதானம் அது. தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனை லேசாக மைனஸ், மறுமுனை லேசாக பிளஸ். சோடியத்தைச் சுற்றி மைனஸ் முனையைத் திருப்பிக்கொண்டு ஒரு கூட்டம், குளோரைடைச் சுற்றி பிளஸ் முனையைத் திருப்பிக்கொண்டு ஒரு கூட்டம். கல்யாண வீட்டில் பங்காளிகள் அடித்துக்கொள்ளாமல் ஆளுக்கு நாலு பேர் பிடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. இழுவிசை ஏறத்தாழ 80இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்படியும் அயனிகள் ஒன்றையொன்று முழுசாக மறப்பதில்லை. அவை தண்ணீருக்குள் எப்படி ஒன்றையொன்று பாதிக்கின்றன என்று 1918 வாக்கில் முதலில் கணக்குப் போட முயன்றவர்களில் ஒருவர் நம் நாட்டு ஞான் சந்திர கோஷ். பிற்பாடு, 1939இலிருந்து 1948 வரை, இதே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவர். அவர் போட்ட கணக்கை 1923இல் டிபையும் ஹுக்கலும் வேறு மாதிரி சரிசெய்து தாண்டிப் போனார்கள். இருந்தாலும் மல்லேஸ்வரம் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

இப்போது தம்ளருக்கு வருவோம். சுத்தமான தண்ணீரில் மின்சாரம் கிட்டத்தட்டப் பாயாது. அதைச் சுமந்துகொண்டு போக அயனிகள் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் அயனிகள் குறைவு, அதனால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு எல்லாம் உண்டு, அதனால் மின்சாரம் பாய்ந்தது. பாய்ந்தால் என்ன ஆகும்? அந்த ஜோடிக் கம்பிகளில் ஒன்று இரும்பு. இரும்பு அணுவில் 26 புரோட்டான், 26 எலக்ட்ரான். பிளஸ் முனையில் மாட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது. ரெண்டை இழந்த இரும்பு அணு, ரெண்டு பிளஸ் அயனியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. எதிர்க் கம்பியில் தண்ணீர் உடைந்து ஹைட்ரஜன் குமிழ்களும் ஹைட்ராக்சைடு அயனிகளும் வருகின்றன (அந்த நுரை!). ரெண்டும் சந்தித்தால் பச்சை நிற இரும்பு ஹைட்ராக்சைடு. அதில் காற்று பட்டதும் இரும்பு இன்னொரு எலக்ட்ரானையும் இழந்து மூன்று பிளஸ் ஆகி, துருப்பிடித்த பழுப்பாக மாறுகிறது.

அதாவது அந்த அழுக்கு எங்கள் தண்ணீரில் இல்லை. அந்தத் தம்பியின் கம்பியில் இருந்தது. இதில் இன்னொரு வேடிக்கை. சாயப்பட்டறை, மின்முலாம் பூசும் பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய இதே மாதிரி இரும்பு, அலுமினியத் தகடுகளில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். அந்தப் பஞ்சு போன்ற பழுப்பு, தண்ணீரில் மிதக்கிற அழுக்கை அணைத்துக்கொண்டு அடியில் இறங்கும். சுத்தம் செய்கிற சரக்கைக் காட்டி அசுத்தம் என்று பயமுறுத்தி மிஷின் விற்கிறார்கள்!

அன்று சாயங்காலம் வீட்டிலேயே செய்து பார்த்தோம். ஆபீசில் வருஷக்கணக்காக ஆணி பிடுங்குகிற எனக்கு வீட்டில் ரெண்டு நிஜ ஆணி கிடைக்க அரைமணி நேரம் ஆனது. மகள்தான் விளையாட்டுப் பொம்மையிலிருந்து 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தாள். (சுவர் பிளக்கில் செய்து தொலைக்காதீர்கள், பேட்டரி போதும்.) மாமி வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் ஆணிகளைத் தொங்கவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. ஒரு சிட்டிகை உப்பு போட்டோம். கொஞ்ச நேரத்தில் மாமியின் பரிசுத்தமான தண்ணீர் டீக்கடை வடிகட்டியைக் கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. பிறகு குழாய்த் தண்ணீரில் ஆணிக்குப் பதில் ரெண்டு பென்சில் குச்சிகளைச் சீவிப் போட்டோம். குமிழ் வந்தது, பழுப்பு வரவே இல்லை.

"அப்பா, அந்த அங்கிள் பொய் சொன்னாரா?" என்றாள் மகள். பொய் என்று சொல்ல முடியாது, எதைக் காட்டினாரோ அதைத்தான் பார்த்தோம் என்றேன். தங்கமணி அடுக்களையிலிருந்து, "அந்தத் தம்ளர் ரெண்டையும் வெளியே போடுங்க" என்றாள்.

அடுத்த வாரக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேட்டரி, ஆணி சகிதம் போய் ஆஜரானேன். உப்பைப் போட்டுக் காட்டியதும் ஒரே கைதட்டல். எனக்குத் தலைகால் புரியவில்லை. மைக் கையில் கிடைத்த தமிழன் சும்மா உட்காருவானா? மேலும் அவிழ்த்துவிட்டேன். நம் தண்ணீரின் டிடிஎஸ் 500க்குள்தான் இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரமே 500 வரை தாராளமாக ஏற்கிறது. 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. மிஷினைத் தடைசெய்யச் சொல்லி 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ரெண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகிற மிஷின்கள், தண்ணீர்ப் பஞ்சத்தில் கிடக்கும் ஊரில் எதற்கு? கொதிக்க வைத்துக் குடியுங்கள் போதும் என்று முடித்தேன். அட்வான்ஸ் கொடுத்த ஆறு பேரில் நாலு பேர் திரும்ப வாங்கிவிட்டார்கள். மூன்று நாளைக்கு நான்தான் குடியிருப்பின் ஹீரோ.

நாலாம் நாள் எங்கள் காவலாளி அண்ணன் அந்த ஹீரோவைக் கீழே இறக்கினார். அவருக்குத் தெரியாமலேதான்.

அவர் தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார். முன்பற்களில் பழுப்புக் கோடுகள். பான்பராக் போடுகிறார் என்று குடியிருப்பில் ஒரு புகார்கூட எழுதிப் போட்டார்கள். வாழ்நாளில் பாக்குகூடப் போடாத மனுஷன். கூட்டத்தில் நடந்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னார், "எங்க ஊர்த் தண்ணிய நீங்க பார்க்கணும் சார். கண்ணாடி மாதிரி இருக்கும். ருசியா வேற இருக்கும். எங்கப்பாவுக்கு அம்பது வயசுல குனிஞ்ச முதுகு நிமிரல."

ஃபுளூரைடு. கருங்கல் பாறைக்குள் இருக்கும் தாதுக்களிலிருந்து போர்த் தண்ணீரில் இறங்குகிற அயனி. ஒரு மைனஸ். நம் எலும்பிலும் பல்லிலும் கால்சியம், பாஸ்பேட்டோடு ஹைட்ராக்சைடு அயனிகள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. அதற்கும் ஒரு மைனஸ், கிட்டத்தட்ட அதே உருவம். ஃபுளூரைடு வந்தால் ஹைட்ராக்சைடை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. கொஞ்சமாக வந்தால் பல்லுக்கு நல்லதுதான், உறுதியாகும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது இந்தியத் தரம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் வருஷக்கணக்காகக் குடித்தால் முதலில் பல், பிறகு மூட்டு, முதுகு. இந்தியாவில் இதை முதலில் கண்டுபிடித்து எழுதியவர்கள் நம் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்காரர்கள்: ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி. 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டக் கிராமங்களைப் பார்த்து எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரியைக் கொண்டுபோக ஜப்பான் கடனுதவியோடு போட்டு, 2013இல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளூரோசிஸ் இருக்கிறது. 2008இல் அந்தத் திட்டத்துக்கு எதிராகக் கர்நாடகத்தில் கொடி பிடித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த முதுகுகளைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதைத் தமிழ்நாட்டுப் பெருமையாக மட்டும் பேசியவர்களுக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இன்னொன்று கவனியுங்கள். கால்சியம் நிறைய இருக்கிற கடின நீரில் ஃபுளூரைடு அதிகம் தங்க முடியாது. ரெண்டு பிளஸ் உள்ள கால்சியம் அதைப் பிடித்து அடியில் தள்ளிவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில்தான் அது சுகமாக இருக்கும். பருப்பு வேகும், சோப்பு நுரைக்கும், நாக்குக்கு நன்றாக இருக்கும். கெட்டதண்ணீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளூரைடு இருந்தாலும் டிடிஎஸ் மீட்டரில் அதனால் ஏறுவது வெறும் மூன்று. இத்தனைக்கும் அந்த மீட்டர் எதையும் எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து, அதை 0.5, 0.7 என்று ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. எங்கள் அத்திபெலே டோல்கேட் மாதிரி. எத்தனை வண்டி போனது என்று சொல்லும். லாரிக்குள் தக்காளியா வெடிமருந்தா என்று அதற்குத் தெரியாது. (2023 அக்டோபரில் இதே ஊரில் ஒரு பட்டாசுக் கடையில் சரக்கு இறக்கும்போது பிடித்த தீயில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேர் போனார்கள். இன்னும் அந்த இடத்தைத் தாண்டும்போது மனசு கனக்கும்.)

காவலாளி அண்ணன் சொன்னதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் அந்தத் தம்பியும் செய்தது ஒரே வேலைதானே! அவர் டிடிஎஸ் எண்ணைக் காட்டி "வாங்கு" என்றார். நான் அதே எண்ணைக் காட்டி "வாங்காதே" என்றேன். தண்ணீரில் யார் யார் இருக்கிறார்கள் என்று ரெண்டு பேருமே பார்க்கவில்லை.

மறுநாளே கேனில் தண்ணீர் பிடித்து, அங்கீகாரம் பெற்ற ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தேன். அயனி அயனியாகப் பிரித்துக் கேட்டேன். குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிடுகிற காசுதான் ஆனது. ரிப்போர்ட் வந்தது. ஃபுளூரைடு வரம்புக்குள். இரும்பு ரொம்பக் குறைவு (பழுப்பெல்லாம் கம்பியுடையதுதான் என்பதற்கு அச்சடித்த சாட்சி). கடினத்தன்மை நாங்கள் எதிர்பார்த்ததுதான். நைட்ரேட் மட்டும் வரம்பைத் தாண்டி இருந்தது. லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது தரம். மற்ற பலவற்றுக்கு உள்ள "வேறு வழி இல்லாவிட்டால் இவ்வளவு வரை" என்கிற சலுகை நைட்ரேட்டுக்குக் கிடையாது.

நைட்ரேட்டும் ஒரு மைனஸ் அயனிதான். சாக்கடை, செப்டிக் டேங்க், வயலுக்குப் போடும் யூரியா வழியாக நிலத்தடிக்குப் போகும். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. மண்துகள்களின் மேற்பரப்பு பெரும்பாலும் மைனஸ். அதனால் பிளஸ் அயனிகளைப் போல மண் இதைப் பிடித்து வைத்துக்கொள்வதும் இல்லை, நேராகக் கீழே விட்டுவிடும்.

எங்கள் மாடியில் இருக்கும் ராட்சச சாஃப்ட்னரும் இதைத் தொடாது. அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் நிரந்தர மைனஸ், அவற்றில் சோடியம் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரெண்டு பிளஸ் கால்சியம் வந்தால் ரெண்டு சோடியத்தை இறக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். மாதாமாதம் மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிக் கொட்டுகிறோமே, அது திரும்பச் சோடியத்தைக் கூட்டமாக அனுப்பிக் கால்சியத்தை வெளியே தள்ளுவதற்கு. இதெல்லாம் பிளஸ்களுக்குள் நடக்கும் இடமாற்றம். மைனஸான நைட்ரேட் வேடிக்கை பார்த்துக்கொண்டே கடந்து போய்விடும். கொதிக்க வைத்தால்? கிருமி சாகும். தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் ஆகாது. கொதிக்கக் கொதிக்க இன்னும் செறிவு கூடும்.

அப்போதுதான் எதிர்வீட்டுத் தம்பதி ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று மாதக் கைக்குழந்தை. தாய்ப்பால் போதாமல் பவுடர் பால். அட்வான்ஸைத் திரும்ப வாங்கிய நாலு பேரில் அவர்களும் உண்டு. நான் சொன்னபடி போர்த் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, அதில் பாலைக் கலந்துகொண்டிருந்தார்கள்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் வயிற்றில் நைட்ரேட் எளிதாக நைட்ரைட்டாக மாறும். அது ரத்தத்துக்குள் போய், ஹீமோகுளோபினில் இருக்கிற இரும்பைத் தொடும். அந்த இரும்பு ரெண்டு பிளஸ்ஸாக இருந்தால்தான் ஆக்சிஜனைச் சுமக்கும். நைட்ரைட் அதிலிருந்து ஒரு எலக்ட்ரானை எடுத்துவிட்டால் மூன்று பிளஸ். தம்ளரில் பச்சை பழுப்பாக மாறியதே, கிட்டத்தட்ட அதே கதை, இங்கே ரத்தத்தில். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பெரியவர்கள் உடம்பு அதைத் திரும்ப ரெண்டு பிளஸ்ஸாக மாற்றிச் சமாளித்துக்கொள்ளும், பச்சைக் குழந்தைக்கு அந்தத் திறன் போதாது. 45 என்கிற வரம்பு முக்கியமாக இந்தக் குழந்தைகளுக்காகத்தான்.

ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டியபோது எனக்கு இருந்த படபடப்பைச் சொல்லி மாளாது. அன்றே குழந்தையை டாக்டரிடம் காட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. முத்திரை போட்ட கேன் தண்ணீருக்கு மாறிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அந்தப் பெண் திரும்பி வந்து, "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க அண்ணா" என்றாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில் மறுபடி மைக் பிடித்தேன். இந்தத் தடவை கைதட்டல் இல்லை. கம்பி வித்தை ஏமாற்று என்று நான் சொன்னது சரி. அதனால் தண்ணீர் நல்லது என்று நான் தாவியது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பொதுவாக ஒரு ஆர்.ஓ. வைக்கலாம், கழிவுநீரைக் கழுவப் பெருக்கப் பயன்படுத்தலாம், காவலாளி அறைக்கும் அதிலிருந்தே ஒரு குழாய் போக வேண்டும் என்று முடிவானது. கடைசிக் கோரிக்கைக்குத்தான் ஏனோ அதிக விவாதம். ஆர்.ஓ. சவ்வை அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாக்கிய ரெண்டு பேரில் ஒருவர் ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்று சொல்லிப் பார்த்தேன். திருக்கண்ணபுரம் பெருமாள் பெயர் என்று மாமிக்கு மட்டும் சந்தோஷம்.

ஆர்.ஓ. நல்லதா கெட்டதா என்று இப்போது யாராவது கேட்டால், உங்கள் போரில் எந்த அயனி எவ்வளவு என்று திருப்பிக் கேட்கிறேன். இதைச் சொல்ல வேண்டியது உள்ளாட்சியின் வேலை என்பது என் கருத்து. போர் போட அனுமதி கொடுக்கிறவர்கள், வருஷத்துக்கு ரெண்டு தடவை அந்தத் தண்ணீரின் ஃபுளூரைடையும் நைட்ரேட்டையும் அளந்து, தெருமுனைப் பலகையில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைத்தால் போதும். 500 என்கிற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தடையும் விதியும் பேசுவதை விட அது உருப்படியான காரியம். அதுவரை சங்கச் செலவில் நாங்களே செய்வதாக ஏற்பாடு. மழைக்கு முன்னால் ஒன்று, மழைக்குப் பின்னால் ஒன்று.

மழை முடிந்த சாம்பிளை நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாட்டிலைக் கழுவி, பேர் எழுதி, அடுக்களை ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். விடிவதற்குள் தங்கமணி அதில் ரசப்பொடியைக் கொட்டி வைக்காமல் இருக்க வேண்டும்.